வட்டக்களரி மேடையேறினால்: வடமோடிக் குழு ஒன்றின் இரண்டு விழா நாட்கள்

முதல் நாள் இரவு அபிமன்யு மேடை வாசலில் சிக்கிக்கொண்டான். வாசல் இரண்டரை அடி. இடுப்பில் கட்டியிருந்த கரப்புடுப்பு, பிரம்பு வளையம் வைத்து விரித்த கூத்துடுப்பு, மூன்றடிக்கு மேல். இருவர் பிரம்பு வளையத்தை அமுக்கிப் பிடிக்க, பக்கவாட்டாகத் திரும்பி அவன் உள்ளே வந்தபோது மத்தளம் வரவுத் தாளத்தை, பாத்திரம் களத்துக்கு வந்து ஆடும் தாளத்தை, மூன்றாம் தடவை சுற்றிக்கொண்டிருந்தது. அடி வளையம் முறிந்து, உடுப்பு ஒரு பக்கம் சரிந்தபடியே வரவு முழுவதையும் ஆடினான். சபையில் பலருக்கு அது தெரியவில்லை. கூத்தைப் பழக்கி மத்தளம் அடிக்கும் அண்ணாவியாருக்குத் தெரிந்தது.

இது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து கிழக்குக் கரையான எழுவான்கரையில் நடந்த இரண்டு நாள் கலைவிழாவுக்குப் போன வடமோடிக் குழு ஒன்றின் கதை. வடமோடி என்பது மட்டக்களப்புக் கூத்தின் இரு மரபுகளில் ஒன்று. ஊர்ப்பெயரும் குழுப்பெயரும் இங்கே தேவையில்லை. இவ்வளவும் ஒரே குழுவுக்கு ஒரே விழாவில் நேர்ந்ததென்றும் கொள்ள வேண்டாம். இப்பக்கத்துக் கூத்துக் குழுக்கள் விழா மேடைகளில் திரும்பத் திரும்பப் படுவதை ஒரு நிகழ்வாக நிறுத்திப் பார்த்திருக்கிறோம். முதல் நாள் பாடசாலை மேடை, இரண்டாம் நாள் அதே பாடசாலையின் மைதானம். குழுவும் கூத்தும் ஒன்றேதான். மாறியது நிலத்தின் வடிவம்.

விடியவிடிய ஆடும் கூத்தை மேடைக்குச் சுருக்குவது புதிய வேலை அல்ல. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து நவீன மேடைக்கென்றே செப்பனிட்டார். அந்த வழியில் வந்த பேராசிரியர் சி. மௌனகுரு அதை இன்னும் தூரம் கொண்டுபோனார். மறுபுறம் சி. ஜெயசங்கர் சீலாமுனையில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், ஊரவர் தங்கள் களரியிலேயே, கூத்தாடும் வட்ட நிலத்திலேயே, நின்று கூத்தை மாற்றிப் பார்ப்பது. இரண்டிலும் மாதக்கணக்கான உழைப்பு இருக்கிறது. விழாவுக்கு அழைக்கப்படும் ஊர்க்குழுவுக்கோ கிடைப்பது முப்பது நிமிடமும் ஒரு கடிதமும்தான். அந்த முப்பது நிமிடத்தை என்ன செய்வது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

அழைப்பு, அனுமதி, பயணம்

பிரதேச செயலகத்தின் கலாசாரப் பிரிவு வழியாக வரும் விழா என்றால் குழு கலைமன்றமாகப் பதிவு பெற்றிருப்பதைப் பொதுவாக எதிர்பார்ப்பார்கள். உறுப்பினர் பட்டியல், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. கணக்கு இல்லாவிட்டால் காசோலை தனியாள் பெயருக்கு வரும். பல குழுக்களில் மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது.

கடிதம் மன்றச் செயலாளருக்கு வரலாம். அழைப்பு அண்ணாவியாருக்குப் போக வேண்டும். வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் போய்க் கேட்பதே முறை. இங்கே ஏற்பாட்டாளர்கள் தொலைபேசியில் செயலாளரைப் பிடித்து எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள். எத்தனை நிமிடம், எந்தக் கதை, மேடையா நிலமா என்ற மூன்றையும் அண்ணாவியாரைக் கேட்காமலேயே முடிவு கட்டியதால், பின்னால் வந்த சிக்கல்களில் பாதி அன்றே விதைக்கப்பட்டது.

நாள் குறிப்பதில் பருவம் பார்க்க வேண்டும். கார்த்திகை தொடங்கித் தைவரை மாரி மழை. பெரும்போக வெட்டு முடியாமல் ஆட்டக்காரர் கிடைக்க மாட்டார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குகள். ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் தீர்த்தம். அந்த நாட்களில் ஒலிபெருக்கிக்காரரையும் வானையும் தேடிப் பிடிப்பதே பெரும் பாடு. பங்குனி, சித்திரையில் வைத்தால் ஊரில் கூத்துப் பழகும் காலத்தோடு ஒத்துப்போகும், ஆட்டக்காரரின் காலும் பதமாக இருக்கும். இந்த விழா ஆனியில். மேற்கிலிருந்து உலர்ந்து வீசும் கச்சான் காற்றுக் காலம். அது மத்தளத்துக்கு என்ன செய்தது என்பது பின்னால் வருகிறது.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2007 இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளைப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சாதாரணமாக அனுமதி இல்லை. கூத்து இயல்பாகவே இரவு பத்துக்குப் பிறகு சூடு பிடிக்கும் கலை என்பதை நீதிமன்றத்திடம் சொல்லிப் பயனில்லை. விழா நிரல் போடுபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பத்து மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. இங்கே ஆறு மணியிலிருந்து முன்னோக்கி எண்ணினார்கள்.

ஆட்டக்காரர் 8 பேர், மத்தளத்துடன் அண்ணாவியார், சல்லரி என்ற வெண்கலத் தாளத்துக்கு ஒருவர், பிற்பாட்டுக்கு 3 பேர், கொப்பி பார்க்க ஏட்டண்ணாவியார், ஒப்பனைக்கு 2 பேர், உடுப்புக்கு 2 பேர். மொத்தம் 18. ஆட்களுக்கு ஒரு வான், உடுப்புக்கும் கிரீடத்துக்கும் தனியாக ஒரு பட்டா, அதாவது சிறு லொறி. கரப்புடுப்பை ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கினால் வளையம் நெளியும். பட்டாவின் குறுக்கே இரண்டு மூங்கில் கட்டி, இடுப்புப் பட்டியில் கயிறு மாட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோவதே சரி. மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகு இந்தப் பயணம் ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்குகிறது. முன்பென்றால் ‘பாதை’ என்ற மிதவையில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. தண்ணீருக்கு ஆளுக்கு 3 லீற்றர் என்று வைத்தாலும் 54 லீற்றர். பெரிய போத்தல் மூன்று. விழாவில் தருவார்கள் என்று நம்பிப் போகக்கூடாது. தருவார்கள், அரை லீற்றர் போத்தல் ஒன்று, அதுவும் பேச்சாளர் மேசைக்குப் போய் மிச்சம் இருந்தால்.

கதையை வெட்டுவதா, ஆட்டத்தை வெட்டுவதா

எடுத்துக்கொண்டது பாரதப் போரில் அபிமன்யு கதை. முதல் திட்டம் இப்படி: ஏறி நிற்க 2 நிமிடம், காப்புப் பாட்டு 2, அரசர் வருவதை அறிவிக்கும் கட்டியகாரன் வரவு 3, கௌரவர் கொலு வரவு 5, அபிமன்யு வரவு 6, சுபத்திரையிடம் விடைபெறல் 5, போர் 5, மங்களம் 2. கூட்டினால் சரியாக 30. கடதாசியில் அழகாக இருக்கிறது. பழகிப் பார்த்தபோது 41 நிமிடம் வந்தது.

ஏன் வந்தது என்று பார்த்தால் எந்த வடமோடிக் குழுவுக்கும் பொருந்தும் ஒன்று தெரிகிறது. பாட்டுக்கு நேரம் குறிக்கலாம், வரவுக்குக் குறிப்பது கடினம். ஓர் அரசன் களரிக்கு வந்தால் தாளக்கட்டுச் சொல்லி ஆடி, வட்டம் சுற்றி, ஒவ்வோர் ஆட்ட வகையையும் தீர்மானம் என்ற முடிப்புத் தாளம் வைத்து முடித்துத்தான் தரு என்ற தன் பாட்டைத் தொடங்குவான். ஒரு சுற்றைப் பாதியில் நிறுத்தினால் தாளம் கட்டாமல் தொங்கும். மத்தளக்காரர் அதை விடமாட்டார். ஆகவே வரவு ஒன்றைக் குறுக்க முடியாது. முழுதாக வைக்கலாம், அல்லது முழுதாக எடுத்துவிடலாம்.

குழு கடைசியில் செய்தது இரண்டாவது. கௌரவர் கொலுவை அப்படியே தூக்கியது. கதை தெரியாத சபை மட்டக்களப்பில் இல்லை. துரோணர் வியூகம் வகுத்தார் என்று கட்டியகாரன் வசனத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும். பிறகு கணக்கு: ஏறி நிற்க 2, காப்பு 2, கட்டியகாரன் 2, அபிமன்யு வரவு 8, விடைபெறல் 6, போர் 6, மங்களம் 1. மொத்தம் 27. மூன்று நிமிடம் கையிருப்பு.

போரில் அபிமன்யு இறப்பதையும் விட்டுவிட்டார்கள். இது நேரத்துக்காக மட்டும் அல்ல. ஊர்க்களரியில் மரணம் நிகழ்ந்த பிறகு சபை அழுது ஆறி விடியும்வரை இருக்க நேரம் உண்டு. விழாவில் அவன் விழுந்த மறு நிமிடம் அறிவிப்பாளர் அடுத்த நிகழ்ச்சியைக் கூப்பிடுவார். வியூகத்தை உடைத்து உள்ளே புகும் இடத்தில் மங்களம் பாடி முடிப்பதே இந்த அளவுக்கு ஏற்ற முடிவு. எங்கள் கணிப்பில் இந்தச் சுருக்கத்திலேயே சிறந்த வெட்டு அதுதான்.

ஆனால் 27 நிமிடத்துக்கு மட்டுமே பழகியிருந்தார்கள். இதைவிடக் குறுகிய வடிவம் எதுவும் கையில் இல்லை. முதல் நாள் அதற்குத் தண்டம் கட்டினார்கள்.

முதல் நாள்: மேடை

பிற்பகல் 3.30க்குப் பண்பாட்டுப் பவனி. கூத்தர் முழு உடுப்போடு ஒன்றரைக் கிலோமீற்றர் நடந்து வர வேண்டுமென்று ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். ஆனி மாதத்துத் தார் வீதியில், வெறுங்காலில், முகத்தில் முத்துவெள்ளைப் பூச்சோடு. குழு கட்டியகாரனையும் கரப்பில்லாத இரண்டு பேரையும் மட்டும் செருப்போடு அனுப்பியது. சரியான முடிவு. பவனியைப் பறைமேளமும் சொர்ணாளிக் குழலும் கொண்டுபோகட்டும். அது நடந்து அடிக்கவே பிறந்தது. கரப்புடுப்பு நடக்கப் பிறந்ததல்ல.

ஒப்பனைக்கு ஆளுக்கு 40 நிமிடம். எட்டுப் பேருக்கு இரண்டு ஒப்பனைக்காரர் என்றால் 160 நிமிடம். 7.15க்கு மேடை என்பதால் 4.30க்கே தொடங்கினார்கள். மேடை கிடைத்ததோ 8.35க்கு. 7.10க்கு வேசம் முடித்த அபிமன்யு, எண்பத்தைந்து நிமிடம் கிரீடத்தையும் கரப்பையும் சுமந்துகொண்டு, உட்காரவும் முடியாமல் நின்றான். கரப்போடு கதிரையில் இருக்க இயலாது. கரப்பையும் கிரீடத்தையும் கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான் கட்ட வேண்டும். அதற்கு முன் ஒப்பனை மட்டும். இது தெரியாத குழு இல்லை. நிரலில் இருந்த நேரத்தை நம்பிவிட்டார்கள்.

நேரம் எங்கே போனது? மாலைத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு நேரத்தில் ஒலிபெருக்கியை நிறுத்துவது இங்கே வழமை, அது நல்ல வழமையும்கூட. அதற்கான அரை மணித்தியாலம் நிரலில் இல்லை. தலைமையுரை, வரவேற்புரை, ஆசியுரை என்று ஏழு உரை. ‘ரெண்டு வார்த்தை’ என்று தொடங்கும் எதுவும் ஏழு நிமிடத்துக்குக் குறையாது. பதினான்கு பேருக்குப் பொன்னாடை, ஒவ்வொருவருக்கும் படம். அறிவிப்பாளர் மேடை ஓரத்துக்கு வந்து, “அண்ணாவியார், குறை நினைக்க வேணாம், பதினைஞ்சு நிமிசத்துக்குள்ள முடிக்க ஏலுமா?” என்றார். “பாப்பம் தம்பி” என்பதைத் தவிர வேறு பதில் அந்த இடத்தில் யாருக்கும் வராது.

பதினைந்து நிமிடத்துக்குள் முடிக்க அண்ணாவியாரிடம் ஒரே வழிதான் இருந்தது, தாளத்தை விரைவாக்குவது. வடமோடி ஆட்டம் விரைவைத் தாங்கும்; கடைசிச் சுற்றுக்களில் அப்படித்தான் ஏறும். தொடக்கத்திலிருந்தே ஏற்றினால் கால் ஏறும், கரப்பு ஏறாது. வளையத்துக்கு ஓர் ஊசலாட்டம் உண்டு. ஆட்டக்காரன் திரும்பிய பிறகு அரை நொடி தாமதித்தே அது திரும்பும். சாதாரண வேகத்தில் அந்தத் தாமதந்தான் அழகு. விரைவில் அது அவனை எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு தீர்மானங்கள் கைவிட்டுப் போனதற்கு இதுவே முதற்காரணம்.

அடுத்தது இடம். மேடை 24 அடி அகலம், 16 அடி ஆழம். போதுமானதுதான். ஆனால் கடைசி நிகழ்ச்சியான இசைக்குழுவின் டிரம்ஸும் பெட்டிகளும் மாலையிலேயே ஏற்றப்பட்டுப் பின்னால் 7 அடியை எடுத்துக்கொண்டன. மிஞ்சியது 9 அடி. மட்டக்களப்புக் களரியில் அண்ணாவியாரும் சல்லரியும் பிற்பாட்டும் நடுவில் நிற்க, கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். மத்தளம் எல்லாருக்கும் சம தூரம். 9 அடியில் சுற்ற முடியாது. மத்தளக் கூட்டம் இடது ஓரத்துக்குப் போனது. வட்டம் கோடானது. பத்ம வியூகம் என்பதே வட்டம். அதைக் கோட்டில் வகுத்தால் முன்வரிசைச் சபைக்குத் தெரிவது ஐந்து பேரின் முதுகு.

மூன்றாவது ஒலி. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா மேடையிலும் பிழைப்பது இதுதான்.

மத்தளத்துக்கு ஒரு மைக் வைத்தார்கள், வலந்தலைப் பக்கம் மட்டும். இடந்தலையின் கனத்த அடி வெளியே வரவில்லை. கூத்தன் காலை ஊன்றுவது அந்த அடியைக் கேட்டு. சல்லரிக்குத் தனி மைக் கொடுத்தார்கள், அது தேவையே இல்லை. வெண்கலம் மைக் இல்லாமலே மைதானத்தின் மறுகரைக்குப் போகும். மைக் வைத்ததும் மற்றதை எல்லாம் மூடியது. ஆட்டக்காரருக்குத் திரும்பிக் கேட்க மேடையில் ஸ்பீக்கர் இல்லை. முன்னால் இருந்த பெரிய பெட்டிகளின் சத்தம் மைதானத்தைக் கடந்து, எதிரே 25 மீற்றரில் இருந்த வகுப்பறைச் சுவரில் மோதித் திரும்பியது. போய்வர 50 மீற்றர். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். ஆகத் திரும்பி வந்த மத்தளம் செக்கனில் ஏழிலொரு பங்கு பிந்தியது. விரைவு தாளத்தில் செக்கனுக்கு நாலு அடி என்றால், இரண்டு அடிக்கு நடுவே உள்ள இடைவெளியில் பாதிக்கு மேல். வலது ஓரத்தில் ஆடியவனுக்கு நேரே வரும் மத்தளத்தைவிடச் சுவரில் பட்டு வந்ததே பலமாகக் கேட்டது. அவன் எதைப் பிடித்து ஆடுவான்?

இதற்கு மருந்து சிறியது. மத்தளத்தின் இரு தலைக்கும் ஒவ்வொரு மைக், தோலிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுச் சாய்த்து. பிற்பாட்டுக்கு இரண்டு மைக். சல்லரிக்கு ஒன்றும் வேண்டாம். மேடையின் வலது ஓரத்தில் தரையில் ஒரு சிறு ஸ்பீக்கர், அதில் மத்தளம் மட்டும், குரல் வேண்டாம். ஒலிக்காரரிடம் ‘கூத்து’ என்று சொன்னால் நாடகத்துக்கு வைப்பதுபோல் மேலிருந்து மைக் தொங்கவிடுவார். ‘மத்தளம் நடக்கிற நிகழ்ச்சி’ என்று சொன்னால் சரியாகப் பிடித்துக்கொள்வார்.

மேடைத் தளம் தற்காலிகப் பலகை. கால் மிதித்ததும் பறை மாதிரி முழங்கியது, சதங்கை ஒலி அதற்குள் அமிழ்ந்தது. பலகை இடுக்கில் சதங்கை மணி இரண்டு கழன்று விழுந்தது. மேலே போட்ட கம்பளம் வழுக்கியது. கம்பளம் வேண்டாம், 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையை மூட்டு விலகாமல் அறைந்தால் போதும். புகை மெசினை யாரோ போரின்போது தட்டிவிட்டார்கள். பிற்பாட்டுக்காரர் ஒருவர் இருமிப் பாட்டை விட்டார். அதைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை.

மத்தளமும் காற்றும்

கச்சான் பகலில் உலர்ந்து சுடும். வான் குளிரூட்டியும் உலர்த்தும். இரண்டிலும் இருந்த தோல் மாலை ஐந்து மணிக்கு நன்றாக இறுகி உச்சத்தில் நின்றது. அந்த நிலையில் அண்ணாவியார் வாரை இழுத்துச் சுருதி சரி பார்த்தார். பிறகு மத்தளம் மேடைக்குப் பின்னால் திறந்த வெளியில் மூன்றரை மணித்தியாலம் கிடந்தது. இருட்டிய பிறகு வாவிப் பக்கத்து ஈரக்காற்று. தோல் ஈரத்தை உறிஞ்சினால் தளரும், குரல் இறங்கும், அடி மந்தமாகும். 8.35க்குத் தொடங்கியபோது மத்தளம் ஒரு சுரம் போல இறங்கியிருந்தது. பிற்பாட்டுக்காரர் பழைய சுருதியிலேயே எடுத்தார்கள்.

சரி பார்ப்பதை ஆடப்போகும் நேரத்துக்கு அரை மணித்தியாலத்துக்கு முன் வைக்க வேண்டும். அதுவரை கம்பளியில் சுற்றி, கட்டடத்துக்குள், தரையில் படாமல் மேசையில் வைக்க வேண்டும். பறைக்காரர் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சுவதுபோல் மத்தளத்தை நெருப்பில் காட்டக்கூடாது. வலந்தலையில் பூசிய கறுப்புக் கரணை வெடிக்கும். நெருப்புக்குப் பாடசாலை அதிபர் இடங்கொடுக்க மாட்டார் என்பது வேறு. பறைக்குழுவுக்குத் தகரத்தில் கரி அடுப்பு ஒன்று, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், அதற்கு முன்கூட்டியே அனுமதி. இதை அந்தப் பறைக்குழு ஒழுங்காகச் செய்திருந்தது, அன்று மேளம் கேட்ட ஒரே நிகழ்ச்சியும் அவர்களுடையதுதான்.

இரண்டாம் நாள்: நிலம்

இரண்டாம் நாள் பிற்பகலில் அண்ணாவியாரே ஏற்பாட்டாளரிடம் போனார். மேடை வேண்டாம், மைதானத்தில் ஒரு வட்டம் தாருங்கள் என்றார். அவர்களுக்கும் முதல்நாள் சங்கடம் இருந்ததால் ஒத்துக்கொண்டார்கள்.

நடுவில் ஒரு முளை அடித்து, 15 அடிக் கயிற்றில் வட்டம் போட்டார்கள். விட்டம் 30 அடி. கரப்போடு ஆறு பேர் இடிக்காமல் சுற்ற இது வேண்டும். 24 அடியில் நான்கு பேர் சுற்றலாம். நடுவில் 6 அடி விட்டம் மத்தளக் கூட்டத்துக்கு. புல்லைச் செதுக்கி, கல்லும் ஓடும் பொறுக்கி, தண்ணீர் தெளித்து மிதித்தார்கள். தண்ணீர் ஆட்டத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்கு முன் தெளிக்க வேண்டும். பிந்தினால் சேறு, மிகவும் முந்தினால் கச்சான் மறுபடி புழுதியாக்கிவிடும்.

ஊர்க்களரி போல உயர்த்தலாமா என்ற பேச்சு வந்தது. கணக்குப் பார்த்தார்கள். 30 அடி வட்டத்தை ஓரடி உயர்த்த ஏறத்தாழ 700 கன அடி, அதாவது இறுகிய மண் 7 கியூப். மிதித்தால் அமுங்கும் என்பதால் 8, 9 கியூப் கொண்டுவர வேண்டும். அரையடிக்கு அதில் பாதி. மண் ஏற்ற அனுமதி, டிப்பர், ஓரம் சரியாமல் உரப்பை மூட்டை. ஒரே இரவுக்கு அது மிகை. சமதரையில் ஆடுவதென்றும், சபையை அதற்கேற்ப இருத்துவதென்றும் முடிவு. கயிறு வட்டத்திலிருந்து 5 அடி தள்ளி. அதற்கு வெளியே மூன்று வரிசை பாய், பின்னால் நான்கு வரிசை கதிரை. அதற்கு மேல் போனால் சமதரையில் கால் தெரியாது. ஏறத்தாழ முந்நூறு பேருக்கு இது போதும். ஆயிரம் பேர் வருவார்கள் என்றால் மண்ணைத்தான் கொட்ட வேண்டும்.

விருந்தினர் சோபா பெரிய தலையிடி. சோபா முன்னால் வந்தால் பின்னால் இருப்பவர் எவருக்கும் தெரியாது. வட்டத்துக்கு முன்பக்கமே கிடையாது என்று விளக்கி, சோபாவைக் கதிரை வரிசையின் இரு முனைகளில் போட்டார்கள். வட்டத்தின் கால்பங்கு கூத்தர் வர வழியாகத் திறந்திருந்தது, 8 அடிக்குக் குறையாமல். படம் எடுப்பவருக்கு அந்த வழியின் ஒரு பக்கத்தில் கோடு போட்டு இடம். அந்தக் கோட்டுக்குள் அவர்களை நிறுத்த ஒரு பெரிய மனுசர் தேவைப்பட்டார், இளைஞர் சொல்லி அவர்கள் கேட்பதில்லை.

வெளிச்சத்துக்கு 12 அடி உயரத்தில் நான்கு கம்பம், ஒவ்வொன்றிலும் 100 வாட்ஸ் எல்ஈடி இரண்டு, மஞ்சள் சார்ந்த வெளிச்சம், கீழ்நோக்கிச் சாய்த்து. எதிர்ப்பக்கச் சபையின் கண்ணில் அடிக்காமல் இருக்கச் சாய்வுதான் முக்கியம். வெளிச்சம் 800 வாட்ஸ், ஒலிக்கு 2 கிலோவாட் வரை. 5 கேவிஏ ஜெனரேற்றர் தாங்கும். காற்று மேற்கிலிருந்து வருவதால் ஜெனரேற்றரைக் கிழக்கே 40 மீற்றரில் வைத்தார்கள், சத்தமும் புகையும் அப்பால் போனது. அவ்வளவு தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பி வேண்டும். வீட்டு மின்விளக்குக் கம்பியில் இழுத்தால் சூடாகும், வோல்டேஜ் விழும்.

ஸ்பீக்கர் கயிற்றுக்கு வெளியே, நான்கு பக்கமும் வெளிநோக்கி. உள்ளே மைக், வெளியே முகம் பார்த்த ஸ்பீக்கர் என்பதால் கூவல் இல்லை. எட்டுத் திசையும் சபை என்பதால் சத்தம் பாதியே போதும், சுவர் எதிரொலியும் அதனால் தணிந்தது. கூத்தருக்கு மைக்கே இல்லை. இது துணிச்சல் அல்ல, இந்தக் கலையின் அமைப்பே அப்படி. கூத்தன் பாடிய வரியைப் பிற்பாட்டுக்காரர் எடுத்து மறுபடி பாடுவர். கூத்தன் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தாலும் சொல் எல்லாத் திசைக்கும் ஒரு தடவை போய்விடுகிறது. பிற்பாட்டின் இரண்டு மைக்கே முழுக் கூத்துக்கும் மைக். ஒலிபெருக்கி வருமுன்பே இதற்கு வழி கண்டிருந்தார்கள். மேடையில் ஒவ்வொருவர் வாய்க்கும் மைக் தேடியதால்தான் அது தெரியாமல் போனது.

அன்று காலை அண்ணாவியார் இன்னும் இரண்டு வடிவம் பழக்கினார். இருபது நிமிட வடிவம்: ஏறி நிற்க 2, காப்பு 1, அபிமன்யு வரவு 8, விடைபெறல் இரண்டு தரு மட்டும் 3, போர் 5, மங்களம் 1. பதினொரு நிமிட வடிவம்: ஏறி நிற்க 1, காப்பு 1, வரவு 8, மங்களம் 1. மூன்றிலும் வரவு எட்டு நிமிடந்தான், ஒரு தீர்மானமும் குறையவில்லை. கதை சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் இல்லாமலே போகிறது, ஆட்டம் அப்படியே நிற்கிறது. ஏட்டண்ணாவியார் கொப்பி ஓரத்தில் மூன்று நிறக் கோடு போட்டுவைத்தார், பிற்பாட்டுக்காரருக்குக் கைவிரலால் காட்டினால் போதும்.

ஆட நேர்ந்தது இருபது நிமிட வடிவம். முன்னால் கல்முனைப் பக்கத்துப் பொல்லடிக் குழு. அவர்களுக்கும் ஆட்டம் வட்டந்தான் என்பதால் அதே களத்தைப் பயன்படுத்தினார்கள். கம்பு மோதும் சத்தம் மேடையைவிட மண்ணில் எவ்வளவு துலக்கமாகக் கேட்கிறது என்பதை ஒலிக்காரரே கவனித்துச் சொன்னார். கூத்துக்குப் பிறகு பறங்கியர் குழுவின் கபரிஞ்ஞா, பைலா ஆட்டங்கள் மேடையில். அவர்களுக்கு மின்கருவிகள், மேடை ஏற்றது. களம் மாறும்போது மேடையில் கம்பி பூட்டலாம், மேடை மாறும்போது களத்தில் ஆடலாம். ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருந்த பத்து நிமிட வெறுமை இல்லாமல் போனது. இது ஏற்பாட்டாளர் எதிர்பாராத இலாபம்.

பிழை இல்லாமலும் போகவில்லை. வழி திறந்திருந்த கால்பங்கில் சிறுவர்கள் வந்து குந்தினார்கள். அபிமன்யு வெளியேறும்போது கரப்பில் ஒருவன் தலை தட்டியது. மண்ணில் சதங்கை ஒலி மெலிது, பின்வரிசைக்கு எட்டவில்லை. புழுதி தொண்டைக்குப் போய்ப் பிற்பாட்டுக்காரர் மங்களத்தில் தண்ணீர் கேட்டார்கள். மூன்றையும் அடுத்த தடவை திருத்தலாம்: வழிக்கு இரு பக்கமும் கயிறு, சபையைக் கயிற்றுக்கு இன்னும் இரண்டடி கிட்ட, தண்ணீர் தெளிப்பு இன்னொரு தடவை.

திரும்பி வந்த பிறகு

உடுப்பை அன்றிரவே பட்டாவிலிருந்து இறக்கி விரித்துவிட வேண்டும். வியர்வையோடு மடித்தால் கண்ணாடி ஒட்டிய துணி இரண்டு நாளில் கறுக்கும். முறிந்த பிரம்பு வளையத்தை ஒட்டிப் பயனில்லை, தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்த புதுப் பிரம்பை வளைத்துக் கட்ட வேண்டும். விழாவில் கிடைக்கும் காசில் முதலில் எடுக்க வேண்டியது இந்தச் செலவு, பிறகு வான், பிறகு அண்ணாவியாருக்கு வெற்றிலையில் வைத்துக் கொடுப்பது, மிச்சத்தைத்தான் பங்கு போடுவது.

அடுத்த ஆண்டு அழைப்பு வந்தால் அனுப்ப ஒரு பதில் கடிதத்தைக் குழு எழுதி வைத்திருக்கிறது. 30 அடி வட்ட நிலம், இல்லையேல் பின்புறம் வெறுமையான முழு மேடை. வாசல் 4 அடிக்குக் குறையக்கூடாது. மத்தளத்துக்கு இரண்டு மைக், பிற்பாட்டுக்கு இரண்டு, வேறொன்றும் வேண்டாம். புகை வேண்டாம். உறுதியான நேரத்தை ஒரு மணித்தியாலத்துக்கு முன் அண்ணாவியாரிடம் நேரில் சொல்ல வேண்டும். பொன்னாடை இருந்தால் ஆட்டம் முடிந்த பிறகு.